இராஜகல மலையில் ஒரு மழைநாளும், அதன்பின் விடாமல் தொடரும் துறவு எண்ணமும்

படுவான்கரையான்:

எல்லோருக்கும் வணக்கம். நான் இந்த இணைய மன்றத்தில் வாசித்துவிட்டுப் போகிறவன், எழுதுவது அரிது. மார்கழிப் போயா விடுமுறையில், அம்பாறையிலிருந்து மகாஓயாப் பக்கம் போகும் வழியில் உள்ள இராஜகல மலைக்குப் போய் வந்தேன். அன்றிலிருந்து ஓர் எண்ணம் என்னை விடவில்லை. வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள், அலுவலகத்தில் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்.

என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பர் ஒருவர் உகணைக்காரர். அவர்தான் அழைத்துப் போனார். மலை முழுவதும் காடும் பாறையுமாகக் கிடக்கிறது. இடையிடையே சிதைந்த தூபிகள், கல்தூண்கள், கருங்கல்லில் குடைந்து இப்போது உடைந்து கிடக்கும் ஒரு பெரிய பிச்சைப் பாத்திரம், எண்ணிக்கையில் அடங்காத குகைகள். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகமும் தொல்லியல் திணைக்களமும் சேர்ந்து சில இடங்களை அகழ்ந்து சீர்செய்திருக்கின்றன. மற்றதெல்லாம் இன்னும் காட்டிடமே இருக்கிறது.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஒரு குகைக்குள் ஒதுங்கினோம். குகை என்றால் ஆழமான பொந்து அல்ல. யானை முதுகுபோல வளைந்து முன்னே நீண்ட ஒரு பாறையின் அடிவயிறு, அவ்வளவுதான். பாறையின் மேல் வழிந்து வரும் தண்ணீர் அதன் நெற்றியைச் சுற்றி உள்ளே வளைந்து எங்கள் தலையில் சொட்டியிருக்க வேண்டும். ஆனால் நெற்றியின் குறுக்கே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, உளியால் வெட்டிய ஒரு விளிம்பு ஓடுகிறது. தண்ணீர் அந்த விளிம்பு வரை வந்தது. அதற்கப்பால் பாறையைப் பற்றிக்கொண்டு உள்ளே வர வழி இல்லாமல், நூல் நூலாக நேரே கீழே விழுந்தது. மணிகளைக் கோத்துத் தொங்கவிட்ட திரைக்குப் பின்னால் இருப்பதுபோல நாங்கள் இருந்தோம். குனிந்து நிலத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே காடே நனைந்துகொண்டிருக்க, என் விரலில் ஒட்டிய மண் அரிசிமாவைப்போலக் காய்ந்திருந்தது.

ஒரு மணி நேரம் அங்கே இருந்தோம். கைபேசிக்குச் சிக்னல் இல்லை. எனக்கு 43 வயது. மனைவி, இரண்டு பிள்ளைகள், கட்டி முடியாத வீடு, அதற்கு வாங்கிய கடன், ஆண்டிறுதிக் கணக்கு மூடும் வேலை. அவற்றில் ஒன்றுகூட அந்த ஒரு மணி நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை. “இப்படியே இருந்துவிட்டால் என்ன?” என்று மட்டும் தோன்றியது. கீழே இறங்கிய பிறகும் அது தோன்றிக்கொண்டே இருக்கிறது. இது களைப்பில் வந்த ஆசையா, அல்லது துறவு என்று பெரியவர்கள் சொன்னதன் தொடக்கமா என்று அறிய விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நல்லது.

காரைதீவு ஓய்வூதியர்:

தம்பி, நீங்கள் பார்த்த அந்த விளிம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

நீர்வடி விளிம்பு என்று நாங்கள் சொல்லும் அந்த வெட்டு, இலங்கையில் பிக்குகளுக்காகச் செப்பனிடப்பட்ட ஏறத்தாழ எல்லாக் குகைகளிலும் உண்டு. தமிழகத்தில் மாங்குளம் போன்ற மலைகளில் சமணத் துறவியருக்கு அமைத்த குகைகளிலும் உண்டு. அங்கே படுப்பதற்குக் கல்லிலேயே படுக்கையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே, மழை படாத இடம் பார்த்து, கொடுத்தவர் பெயரைப் பிராமி எழுத்தில் பொறிப்பது வழக்கம். இந்தக் கல்வெட்டுகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை: இன்னாருடைய மகன் இன்னாருடைய குகை, சங்கத்துக்கு, அதாவது பிக்குகளின் கூட்டத்துக்கு. சிலவற்றில் இன்னும் கொஞ்சம் நீளமாக, “வந்தவரும் வராதவருமான நாற்றிசைச் சங்கத்துக்கு” என்று இருக்கும். கொடுத்தவர்கள் ஊர்த்தலைவர்கள், வீட்டுத்தலைவர்கள், வணிகர்கள், பெண்கள். சில இடங்களில் அரச குடும்பத்தார்.

இராஜகலவில் உள்ள பெயர்பெற்ற கல்வெட்டு, இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரருக்கும் அவரோடு வந்த இட்டிய தேரருக்கும் எழுப்பிய தூபியைக் குறிக்கிறது. கிறித்துவுக்கு முற்பட்ட காலத்து எழுத்து. கல்வெட்டறிஞர் பரணவிதான வாசித்து வெளியிட்டார். மகிந்தர் மிகிந்தலையில் காலமானார் என்பது மகாவம்சம் சொல்லும் செய்தி. அவருடைய எச்சத்தின் ஒரு பகுதியை இவ்வளவு தூரம் கிழக்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்றால், அன்று அந்த மலை எப்படிப்பட்ட இடமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் காய்ந்த மண்ணை உங்களுக்குத் தந்தவர் துறவி அல்லர். தன் பணத்தில் கல்தச்சனுக்குக் கூலி கொடுத்து, தான் ஒருநாளும் படுக்கப்போகாத இடத்துக்கு மழை வராமல் பார்த்துக்கொண்ட ஓர் இல்லறத்தான். வள்ளுவரும் இல்லறவியலை முன்னே வைத்துத்தான் துறவறவியலைப் பின்னே வைத்தார். நீங்கள் அந்தக் குகையில் யாருடைய இடத்தில் நின்றீர்கள் என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

எல்லைக்கல்:

மன்னிக்க வேண்டும், இந்த இழையின் அமைதியைக் குலைக்க விருப்பமில்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. கிழக்கில் மலை, குகை, கல்வெட்டு என்றவுடன் எங்களுக்கு முதலில் வருவது தியானம் அல்ல, பயம். 2020ஆம் ஆண்டு கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுக்கென ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. மாடு மேய்த்த தரையில் ஒருநாள் காலையில் எல்லைக்கல் நட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு, நீர்வடி விளிம்பின் அழகு எப்படித் தெரியும்?

காரைதீவு ஓய்வூதியர்:

உங்கள் பயம் நியாயமானது. அதற்குத் தனி இழையே வேண்டும். இங்கே ஒரு வரி மட்டும் சொல்கிறேன். இதே அம்பாறை மாவட்டத்தில் குடுவில் என்னும் இடத்துக் குகைக் கல்வெட்டு, தீகவாபி வணிகர்களைச் சொல்லும்போது “தமெட திஸ” என்று ஒரு பெண்ணையும் சேர்த்துச் சொல்கிறது. தமெட என்றால் தமிழர். கல்லில் இருப்பதைக் கூட்டாமலும் குறைக்காமலும் வாசித்தால் அந்தக் குகைகள் யாரையும் துரத்துவதில்லை. துரத்துகிறவர்கள் கல்லை வாசிப்பதில்லை. இனித் தம்பியின் கேள்விக்குத் திரும்புவோம்.

கல்லடிப் பாலம்:

நான் இந்தியாவில் ஓர் ஆசிரமத்தில் இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் துறவியாகும் நோக்கத்தோடு இருந்து, திரும்பி வந்தவன். ஆசிரமத்தின் பெயர் வேண்டாம். அவர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. இதைப் பற்றி நான் எழுதுவது இதுவே முதல் தடவை.

நானும் ஒரு மலையில்தான் தொடங்கினேன். குளிர், மூடுபனி, மாலை ஆரத்திக்குப் பிறகு வரும் அந்த மௌனம். விருந்தினர் விடுதியில் நான்கு நாள் தங்கிய ஒருவனுக்கு அது சொர்க்கமாகத்தான் தெரியும். விருந்தினராக இருக்கும்போது உங்களுக்கு எந்த வேலையும் இல்லை, யாரோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை, ஐந்தாம் நாள் போய்விடுவீர்கள். மலையின் அமைதியைத் துறவின் அமைதி என்று மயங்குவது அங்கேதான் நிகழ்கிறது.

உள்ளே சேர்ந்தபின் என் நாள் காலை 4 மணிக்கு மணியோடு தொடங்கியது. தியானம், பிறகு காய்கறி வெட்டுதல். எனக்குக் கிடைத்தது களஞ்சிய அறை. உருளைக்கிழங்கு மூட்டைகளைப் பிரித்து அழுகியதைப் பொறுக்கி எறிவது ஏறத்தாழ ஏழு மாதம் என் பணியாக இருந்தது. அழுகிய கிழங்கின் மணம் கையைவிட்டுப் போகாது. தியானத்தில் அமரும்போது மூக்கின் அருகே அதே கை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாமற் போனது, பக்கத்தில் அமர்ந்த இன்னொரு பிரமச்சாரி நிமிடத்துக்கு ஒருமுறை தொண்டையைச் செருமியது. மிக நல்லவர், எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் விழித்திருந்தவர். ஆனாலும் அந்தச் செருமலை எதிர்பார்த்து, அது வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, வந்ததும் உள்ளுக்குள் கொதித்து, இப்படியே எத்தனை விடியல்கள் போயின என்று எனக்கே தெரியாது. வீட்டில் இருந்தபோது அண்ணன் வானொலியைச் சத்தமாகப் போட்டதற்காக அவரோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தவன் நான். அண்ணனை விட்டு ஆயிரம் மைல் போனேன். அந்த ஆளை விட்டுப் போகவில்லை.

பிறகு பூசைக்குப் பூப்பறிக்கும் பணி வேறொருவருக்குக் கிடைத்தபோது இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொத்து, பதவி, குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவந்த ஒருவன் ஒரு பூக்கூடைக்காக அழுதான் என்றால் நம்புவீர்களா? விட்டுவிட்டேன் என்று நினைத்தவை எல்லாம் சின்ன உருவத்தில் அங்கேயும் வந்து நின்றன. மடத்துக்கு மூத்த சுவாமி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “இப்போதுதான் நீ வந்து சேர்ந்திருக்கிறாய்” என்றார். அவர் அதை வாழ்த்தாகச் சொன்னார் என்று இன்று விளங்குகிறது. அன்று எனக்கு அது தாங்கவில்லை.

தோழருக்கு நடைமுறை விடயம் ஒன்று. ராமகிருஷ்ண சங்கத்தில் பிரமச்சரிய தீட்சைக்கே பல ஆண்டுகள் பிடிக்கும். சந்நியாசத்துக்கு மொத்தம் பத்து ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்வதற்கு வயது வரம்பும் உண்டு, திருமணமாகாதவராகவும் இருக்க வேண்டும். பௌத்தத்தில் உபசம்பதையின்போது, அதாவது முழுப் பிக்குவாகச் சேர்க்கும்போது, கேட்கும் கேள்விகள் விநயம் என்னும் துறவியர் விதிநூலில் இருக்கின்றன: நீ மனிதனா, சுதந்திரனா, கடன் இல்லாதவனா, அரச பணியில் இல்லாதவனா, பெற்றோர் அனுமதி உண்டா, இருபது வயது நிறைந்ததா, பாத்திரமும் சீவரமும் (துறவாடையும்) முழுமையாக உண்டா. வீட்டுக்கடனோடு போனால் கடன் கேள்வியிலேயே நிறுத்திவிடுவார்கள். அரசாங்க உத்தியோகம் என்றால் அடுத்ததிலும் இடறல்தான்.

வாவிமீன்:

கல்லடி அண்ணன் எழுதிய அந்தப் பட்டியலை நான் மூன்று தடவை வாசித்தேன். பெற்றோர் அனுமதி இருக்கிறது. கடன் இருக்கிறது. மனைவியின் அனுமதி எங்கே?

என் அப்பா நான் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது காவி கட்டிக்கொண்டு போனார். ஒரு மடத்துக்கும் போகவில்லை. எந்தச் சங்கமும் அவரிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கூட்டுறவுக் கடன், கடைக் கடன், அம்மாவின் தாலிக்கொடி அடகு எல்லாம் அப்படியே இருந்தன. ஊரில் சிலர் “அவர் பக்குவப்பட்ட ஆத்மா” என்றார்கள். அம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போட்டுக் கடனை அடைத்தார். விடியற்காலை மூன்றரைக்கு அவரும் எழும்பினார், எந்த மணியும் அடிக்காமல். அவரைப் பார்த்து யாரும் பக்குவப்பட்ட ஆத்மா என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

படுவான்கரை அண்ணன், உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நீங்கள் வீட்டில் சொல்லப் பயந்து இங்கே சொல்கிறீர்களே, அந்த இடம்தான் எனக்கு வலிக்கிறது. அப்பா எங்களிடம் ஒரு நாளாவது “எனக்கு இப்படித் தோன்றுகிறது” என்று சொல்லியிருந்தால், நாங்கள் அவரை வெறுக்காமல் இருந்திருப்போம். போயிருந்தாலும்கூட.

காரைதீவு ஓய்வூதியர்:

மகள், உங்கள் கேள்வி கூர்மையானது, மழுப்ப மாட்டேன். பெற்றோர் அனுமதி என்ற விதி வந்த கதை விநயத்தில் இருக்கிறது. புத்தர் தம் மகன் இராகுலனுக்குத் துறவு கொடுத்தபோது, பேரனையும் இழந்த சுத்தோதனர் வந்து, மகன் போனபோது பட்ட வேதனை போதாதா, இனிப் பெற்றோர் அனுமதி இன்றி எந்தப் பிள்ளையையும் சேர்க்க வேண்டாம் என்று வேண்டினார், புத்தரும் ஏற்றார். ஒரு தகப்பனின் கண்ணீர் விதியாக மாறியது. பிக்குணிகளாக விரும்பிய பெண்களுக்குப் பெற்றோரோடு கணவன் அனுமதியும் வேண்டியிருந்தது. மனைவியிடம் கேட்க வேண்டும் என்று ஆண்களுக்கு விதி வரவில்லை. அது அந்தக் காலத்தின் குறை என்று சொல்லலாம்; குறை குறைதான்.

ஒரு வேறுபாட்டை மட்டும் குறித்து வைக்க விரும்புகிறேன். உங்கள் தந்தை போனது துறவு மடத்துக்கு அல்ல. மடம் என்பது கேள்வி கேட்கும் இடம். கேள்வி கேட்பார் இல்லாத காவியை நம் பக்கத்தில் நிறையப் பார்த்துவிட்டோம்.

படுவான்கரையான்:

வாவிமீன் தங்கச்சி, உங்கள் பதிவை வாசித்த இரவு நித்திரை வரவில்லை. மறுநாள் மனைவியிடம் குகை, மழை, எண்ணம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நான் நினைத்ததுபோலப் பயப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்கும் ஒரு குகை வேண்டும்” என்றார். அவ்வளவுதான். இதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உகந்தைப் பாதை:

தம்பியின் மனைவி சொன்னதைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் திருக்கோவில் பகுதியைச் சேர்ந்தவள், 58 வயது. பதினோரு தடவை கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதையால் நடந்திருக்கிறேன். எனக்குக் குகை கிடைப்பது ஆண்டுக்கு ஒருமுறை, கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி உகந்தையில் காட்டுக் கதவு திறக்கும் அந்தச் சில நாள்கள்.

பாணமையைத் தாண்டி உகந்தைக்குப் போகும் வழியில் குடும்பிகல ஆரண்யத்தின் பாறைகள் தெரியும். பிக்குகள் இன்றும் வாழும் இடம். ஒரு தடவை ஏறிப் பார்த்திருக்கிறேன். குகைக்கு முன்னால் பெருக்கிய மணலில் ஒரே ஒரு காலடித் தடம்கூட இல்லை. அந்த மணலை மிதித்துவிட்டு வரவேண்டியிருந்ததே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

காட்டுக்குள் போனபிறகு எங்களுக்குப் பெயர் இல்லை. ஆணும் பெண்ணும் பிள்ளையும் எல்லோரும் “சாமி”. வைத்தியரும் சாமி, மீன் விற்பவரும் சாமி. தலைச்சுமையில் உள்ளது மட்டுமே சொத்து. அதுவும் இரண்டாம் நாள் பாரமாகத் தெரிந்து, பாதியை யாருக்காவது கொடுத்துவிடுவோம். குமுக்கன் ஆற்றில் இறங்கிக் குளித்து, மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்து, ஒரே பானையில் காய்ச்சிய கஞ்சியைக் குடித்துவிட்டு, வானத்தைப் பார்த்துப் படுக்கும்போது, வீட்டுக் கூரையில் எந்த ஓடு உடைந்திருக்கிறது என்று எனக்கு ஞாபகம் வருவதில்லை. யானை வந்தால் அரோகரா. வராவிட்டாலும் அரோகரா.

ஆனால் கதிர்காமத்தில் தீர்த்தம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறேன். ஏறாமல் அங்கேயே தங்கிவிட வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. பஸ்ஸில் அம்பாறை வருவதற்குள், பேரப்பிள்ளைக்கு வாங்கிய விளையாட்டுச் சாமான் உடைந்துவிட்டதா என்று பையைத் தடவிப் பார்ப்பேன். இது துறவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எங்கள் அம்மாவும் இப்படித்தான் நடந்தார்.

அக்கரைப்பற்று வாசகன்:

அஸ்ஸலாமு அலைக்கும். அக்கா எழுதியது எங்களுக்கும் பழக்கமான ஒன்று. எங்கள் மார்க்கத்தில் குடும்பத்தைக் கைவிட்டுப் போகும் துறவறத்துக்கு இடமில்லை என்பதைச் சின்ன வயதிலேயே மத்ரசாவில் படித்துவிடுவோம். ஆனால் ரமழானின் கடைசிப் பத்து நாள்கள் பள்ளிவாசலிலேயே தங்கி இஃதிகாப் இருப்பது நபிவழி. சூபி மரபில் நாற்பது நாள் தனித்திருக்கும் வழக்கமும் உண்டு. பலாங்கொடைக்கு அப்பால் ஜெய்லானி மலையில், அப்துல் காதிர் ஜீலானி அவர்கள் தங்கித் தவமிருந்ததாக மக்கள் நம்பும் குகை இருக்கிறது. குரகல என்று தொல்லியல் பெயரும் அதே மலைக்கு உண்டு. வாப்பாவோடு சின்ன வயதில் போயிருக்கிறேன். எல்லைக்கல் தம்பியின் பயம் எங்களுக்கும் புதிதல்ல.

நான் மூன்று தடவை இஃதிகாப் இருந்தவன். முதல் மூன்று நாள் நித்திரை, களைப்பு. வியாபாரம் எப்படிப் போகிறதோ என்ற நினைப்பு. நான்காம் நாளிலிருந்து ஒரு குளிர்ச்சி வரும். அதைச் சொல்லால் சொல்ல முடியாது. கல்லடித் தம்பி சொன்ன செருமல் எங்கள் பள்ளியில் குறட்டை வடிவில் இருந்தது. அது ஒன்பதாம் நாள்வரை போகவில்லை. பெருநாள் பிறை கண்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் அந்த நடைக்கு ஈடான சந்தோசம் எனக்கு வேறில்லை. எங்களுடையது திரும்பி வருவதற்காகப் போகும் போக்கு. ஒருவேளை படுவான்கரைத் தம்பிக்கு வேண்டியதும் இதுவாக இருக்கலாம்.

கல்லடிப் பாலம்:

அக்கரைப்பற்றுக் காக்கா சொன்னதில் பெரும்பகுதி சரி; ஆனால் ஓர் இடத்தில் நான் மாறுபடுகிறேன். பத்து நாள் போய் வருவதும் ஆயுள் முழுவதும் போவதும் ஒரே பொருளின் சிறிய அளவும் பெரிய அளவும் அல்ல. பத்து நாள் போகிறவனுக்கு வீடு பின்னால் இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் அவன் அமைதியாக இருக்கிறான். துறவிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. எங்களோடு இருந்த 81 வயது சுவாமி ஒருவர் 19 வயதில் வந்தவர். ஒருநாள் அவருடைய துணிகளைத் துவைக்க எடுத்தபோது, அவர் அறையில் இருந்த அனைத்தையும் நான் ஒரே பார்வையில் எண்ணிவிட்டேன்: இரண்டு மாற்றுத் துணி, ஒரு கண்ணாடி, ஒரு மணிமாலை, மூன்று புத்தகம், ஒரு வெந்நீர்ப் போத்தல். அறுபத்திரண்டு ஆண்டுகள். அவர் முகத்தில் இருந்ததைக் களைப்பு தீர்ந்த முகம் என்று சொல்ல முடியாது. அது வேறு. அதை நான் பார்த்திருக்கிறேன், அடையவில்லை. அடையாததனால் அது இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

காரைதீவு ஓய்வூதியர்:

இந்த இழையில் எங்கள் ஊர்க்காரரின் பெயர் இன்னும் வரவில்லை என்பது எனக்கு வியப்பு. 1892இல் காரைதீவில் மயில்வாகனமாகப் பிறந்து, விஞ்ஞானப் பட்டதாரியாகி, மானிப்பாயில் அதிபராக இருந்தவர், 1922இல் மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் விபுலாநந்தர் ஆனார். அவர் துறந்து போய் எங்கே அமர்ந்தார்? குகையில் அல்ல. கல்லடி உப்போடையில் பள்ளிக்கூடம் கட்டினார். பிள்ளைகளுக்குச் சோறு, ஆசிரியருக்குச் சம்பளம், கட்டடத்துக்குக் காசு என்று அலைந்தார். அண்ணாமலையிலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக உழைத்தார். ஒரு பிள்ளைக்குத் தகப்பனாக இருந்திருந்தால் இவ்வளவு கவலை இருந்திருக்காது.

அவருக்கும் ஒரு மலை கிடைத்தது. இமயச் சாரலில், ஏறத்தாழ 6,400 அடி உயரத்தில், 1899இல் விவேகானந்தரின் விருப்பப்படி சேவியர் தம்பதியினர் நிறுவிய மாயாவதி அத்வைத ஆசிரமம் அது. அங்கே உருவ வழிபாடு இல்லை. ஒரு படத்தை வைத்துப் பூசை நடந்தபோது விவேகானந்தரே அதை விரும்பவில்லை. அங்கே விபுலாநந்தர் சில காலம் சங்கத்தின் ஆங்கில இதழுக்கு ஆசிரியராக இருந்தார். பனிமலையைப் பார்த்தபடி அச்சுப்பிழை திருத்தும் வேலை! பிறகு திரும்பினார், 1947இல் காலமாகி, தாம் எழுப்பிய பள்ளிக்கூடத்தின் வளவிலேயே அடங்கினார்.

படுவான்கரைத் தம்பி கணக்கு வேலை பார்ப்பவர் என்றதால் இன்னொன்று. மிகிந்தலையில் 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தன் என்னும் அரசன் நிறுத்திய இரண்டு பெரிய கல்வெட்டுப் பலகைகள் இருக்கின்றன. பிக்குகள் விடியுமுன் எழுந்து தியானித்து, பல்துலக்கி, சீவரத்தை முறையாக உடுத்து, மெத்த சூத்திரம் என்னும் அன்புப் பாராயணத்தை ஓதியபின்பே கஞ்சிக்கும் சோற்றுக்கும் போகவேண்டும் என்று தொடங்கி, பணியாளர் ஒவ்வொருவருக்கும் என்ன கூலி, எவ்வளவு நிலம் என்பது வரை அதில் உண்டு. அன்றாடச் செலவைப் பதிவேட்டில் எழுதவேண்டும்; ஆண்டு முடிவில் ஐந்தொகையைச் சங்கத்தின் நடுவே வாசித்து ஒப்புதல் பெறவேண்டும். ஆண்டிறுதிக் கணக்கிலிருந்து தப்பி மலைக்கு ஓடுகிறவருக்கு, அங்கேயும் ஒருவர் பேரேட்டை விரித்துவைத்துக் காத்திருக்கிறார்.

படுவான்கரையான்:

ஐயா, ஐந்தொகையை வாசித்துவிட்டு அலுவலகத்தில் தனியாகச் சிரித்தேன்.

இரண்டு வாரம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. உகணை நண்பரின் குடும்பம் ஆண்டுக்கு ஒருமுறை, இறந்த தாயாரின் நினைவாக, அம்பாறைக்கு அருகே ஓர் ஆரண்யத்தில் பிக்குகளுக்கு மதிய தானம் கொடுப்பது வழக்கம். இந்த முறை என்னையும் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்தார். முதல்நாள் இரவே அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டோம். பத்து மரக்கறி, மனைவி எங்கள் முறையில் ஒரு கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார். நண்பகலுக்குப் பின் அவர்கள் உண்ணமாட்டார்கள் என்பதால் எல்லாவற்றையும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்யவேண்டியிருந்தது. பதினொரு மணிக்கு முன் பாத்திரங்கள் மலையடிவாரத்தில் இருக்கவேண்டும். நானும் நண்பரும் சோற்றுப் பானையைக் காவிக்கொண்டு படியேறினோம்.

பிக்குகள் ஏழு பேர். வரிசையாக வந்தார்கள், நிலத்தைப் பார்த்தபடி. ஒரு கரண்டி சோற்றை முதல் பாத்திரத்தில் இட்டபோது என் கை நடுங்கியது, ஏனென்று தெரியாது. கடைசியில் வந்தவர் இருபது வயதைத் தாண்டியிருக்கமாட்டார். கத்தரிக்காய்க் குழம்பு விழும்போது அவர் கண் ஒரு கணம் நிமிர்ந்து, உடனே தாழ்ந்துவிட்டது. பசி. வேறொன்றும் இல்லை. எந்தத் தாய்க்கும் தெரிகிற பசி. மனைவி இன்னொரு கரண்டி போட்டார்.

சாப்பாடு முடிந்து பிரித் என்னும் காப்புப் பாராயணம் ஓதியபின், நான் கிணற்றடியில் பானைகளைக் கழுவினேன். மேலே ஏதோ ஒரு குகையின் முன்னால் யாரோ பெருக்கும் ஓசை கேட்டது. ஈர்க்குமாறு மணலில் படும் ஓசை, விட்டுவிட்டு வந்தது. பிள்ளைகள் இருவரும் அதைக் கேட்டபடி பேசாமல் இருந்தார்கள், வீட்டில் ஒருநாளும் நடக்காத ஒன்று. ஏறிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், ஏறவில்லை. பானையின் அடியில் பிடித்திருந்த சோறு ஊறுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

“வராதவர்” என்ற சொல்லை ஐயா எழுதிய நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் அந்தக் கல்தச்சனுக்கு வராதவன், இப்போது வந்திருக்கிறான். அடுத்த ஆண்டும் சோறு கொண்டுபோவதென்று மனைவி சொல்லிவிட்டார். அந்த எண்ணம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. ஆனால் இப்போது அது என்னை நித்திரையில் எழுப்புவதில்லை.

வாவிமீன்:

அண்ணன், அம்மாவை இராஜகலவுக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். அவருக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு. ஏற முடியுமா? மழை இல்லாத நாளிலும் அந்த விளிம்பு தெரியுமா?

படுவான்கரையான்:

தெரியும், தங்கச்சி. வெயிலில் அதன் நிழல் ஒரு கறுப்புக் கோடுபோல விழும். உச்சிவரை போகவேண்டாம், பாதையோரத்திலேயே குகைகள் உண்டு, அம்மாவை அங்கே அமர்த்திவிடலாம். படிகள் சில இடத்தில் உயரம் அதிகம், பாசி பிடித்தவை. ஒரு கைத்தடி கட்டாயம். யானை நடமாட்டம் இருப்பதால் விடிந்து வெளிச்சம் வந்தபின் ஏறி, வெயில் சாய்வதற்கு முன் இறங்கிவிடுங்கள். மேலே கடை இல்லை. ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் வேண்டும். இடியப்பம் கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் இந்த முறை அவிப்பது நீங்களாக இருக்கட்டும்.